கெமராவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

கண்டி மாவட்டத்துக் கலஹாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். ஒரு பக்கம் ஹந்தானைத் தொடர். மறுபக்கம் தெல்தோட்டை, அதற்கு மேலே 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர. பாடசாலை விடுமுறை விட்டால் பையன்கள் மலையேறுவது இங்கே தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். அன்று ஏறியவர்களுடன் காட்டுப்பாதை தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ இருந்தார். இன்று ஏறுகிறவர்களின் கையில் கத்தியும் லைட்டரும் தொலைபேசியும் இருக்கின்றன, மனதில் பியர் கிரில்ஸ் இருக்கிறார்.

டிஸ்கவரி தமிழில் அவருடைய ‘மேன் வெர்சஸ் வைல்ட்’ பார்க்காத லயம் மலையகத்தில் அரிது. பாம்பைப் பிடித்துத் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு உண்பதும், அருவியின் பக்கவாட்டில் தொங்கி இறங்குவதும், கலங்கல் நீரை அள்ளிக் குடிப்பதும் நல்ல தமிழில், விறுவிறுப்பான குரலில் வீட்டுக்குள் வந்துவிட்டன. அந்த நிகழ்ச்சிகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்ற விளக்கம் மட்டும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை.

கிரில்ஸ் பொய்யான ஆள் அல்ல. பிரித்தானியச் சிறப்புப் படையின் தொண்டர் பிரிவில் பயிற்சி பெற்றவர். 1996இல் ஆபிரிக்காவில் பரசூட் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, 1998இல் எவரெஸ்ட் ஏறியவர். ஆனால் 2006இல் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சியின் சில பகுதிகளில், காட்டில் தனியே இரவைக் கழிப்பதுபோல் காட்டிய நாட்களில் அவர் விடுதியில் தங்கியிருந்தார் என்ற செய்தி 2007இல் வெளியானது. ஹவாயில் அவர் கட்டிய தெப்பத்தை முன்கூட்டியே ஒரு குழு கட்டிப் பார்த்துக் கழற்றி வைத்திருந்ததும் தெரியவந்தது. அதன் பிறகுதான் ‘படப்பிடிப்புக் குழு உதவுகிறது, சில சூழ்நிலைகள் விளக்கத்துக்காக உருவாக்கப்பட்டவை’ என்ற அறிவிப்பை டிஸ்கவரி சேர்த்தது. அந்த எழுத்து திரையில் சில நொடிகளே நிற்கிறது. பாம்பு நிற்கும் நேரம் அதைவிட அதிகம்.

கனடாவின் லெஸ் ஸ்ட்ரௌட் வேறு வகை. அவருடைய ‘சர்வைவர்மேன்’ நிகழ்ச்சியில் கெமராக்காரர் கிடையாது. கெமராக்களை அவரே சுமந்து, அவரே நிறுத்தி, ஏழு நாள் தனியே இருப்பார். தீ பற்றாமல் போவதும், பசியில் சோர்ந்து ஒன்றும் செய்யாமல் கிடப்பதும் அதில் அப்படியே வரும். அவருக்கும்கூட முன்கூட்டியே உள்ளூர் ஆட்களிடம் கேட்ட தகவலும், தொலைவில் காத்திருக்கும் மீட்புக் குழுவும் உண்டு. அதை அவர் மறைத்ததில்லை. பிரித்தானியாவின் ரே மியர்ஸ் இன்னும் நிதானமானவர். பரபரப்புக்காக எங்கும் குதிக்கமாட்டார், எதையும் கடிக்கமாட்டார். அந்தக் காட்டில் பரம்பரையாக வாழும் மக்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்வார். 2015இல் தொடங்கிய ‘அலோன்’ போட்டியில் பங்கேற்பாளர்களை இடையிடையே மருத்துவர்கள் பரிசோதிக்கிறார்கள். ஒருவரின் உடல் எடை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் அவர் விரும்பினாலும் இல்லாவிட்டாலும் வெளியே எடுக்கப்படுவார். அந்தந்த இடத்து வேட்டைச் சட்டத்தையும் அவர்கள் மதிக்க வேண்டும்.

பிள்ளைகள் இவற்றில் எதையாவது பார்க்கத்தான் போகிறார்கள் என்றால், மியர்ஸையும் ஸ்ட்ரௌட்டையும் காட்டுங்கள் என்பதே என் தெளிவான கருத்து. காடு மனிதனுக்கு அடங்கும் என்று கிரில்ஸ் சொல்லாமல் சொல்கிறார். மற்ற இருவரும் காட்டுக்கு மனிதன் அடங்க வேண்டும் என்பதைச் செய்துகாட்டுகிறார்கள்.

இத்தனை பாதுகாப்பு இருந்தும் உயிர் போனதுண்டு. 2013 மார்ச்சில் கம்போடியாவில் ‘கோ-லான்டா’ என்ற பிரெஞ்சு நிகழ்ச்சியின் முதல் நாளிலேயே 25 வயது இளைஞர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். அங்கே மருத்துவர் இருந்தார். ஹந்தானை உச்சியில் இருக்கமாட்டார்.

நம் மலைகளுக்கு வருவோம். முதலில் தண்ணீர். கலஹாப் பக்கத்து ஓடைகள் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் மேல் பிரிவின் லயங்களையும் மாட்டுப்பட்டிகளையும் களைகொல்லி அடித்த தேயிலை மலைகளையும் கடந்துதான் அவை வருகின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். குடிக்காவிட்டாலும், காலில் சிறு கீறல் இருந்தால் அதன் வழியே உள்ளே போகும். வயிற்றோட்டமும் செங்கமாரியும் வேறு. கொதிக்கவைக்காத ஓடை நீரைக் குடிக்க வேண்டாம். மலையேறிய சில நாட்களிலோ சில வாரங்களிலோ கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ஓடையில் இறங்கியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பாம்பு அதைவிட அவசரமானது. கோப்பி விரியன் என்றும் குணகட்டுவா என்றும் சொல்கிறோமே, மூக்கு மேலே வளைந்த அந்தச் சிறு பாம்பு, அது இலங்கையில் மிக அதிகமானோரைக் கடிக்கும் பாம்புகளில் ஒன்று. காய்ந்த இலைக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. இங்கே பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கண்ணாடி விரியன் போன்றவற்றுக்கு அது வேலை செய்யும், கோப்பி விரியன் விஷத்துக்குச் செய்யாது. அதனால் கடிபட்டவரை வைத்தியசாலையில் வைத்துச் சிறுநீரகத்தையும் இரத்த உறைவையும் கவனிப்பதே சிகிச்சை. கடித்த இடத்தைக் கீறி வாயால் உறிஞ்சுவது பழைய திரைப்படங்கள் பரப்பிய பழக்கம். அதனால் புண்தான் பெரிதாகும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றி, கையையோ காலையோ அசையாமல் தடி வைத்துக் கட்டி, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போனால் இன்னொருவருக்கும் கடி விழும். முடிந்தால் தொலைவிலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும்.

குளவியைப் பற்றி மலையக மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து மலையில் குளவி கொட்டி இறந்தவர்களின் செய்தி வராத ஆண்டு இல்லை. ஆனால் புகை போட்டுத் தேன் எடுக்கும் காட்சியைப் பார்த்துவிட்டுக் காய்ந்த புல்லைக் கொளுத்திக் கூட்டுக்குக் கீழே நிற்கும் பையனுக்கு அது நினைவில் இருப்பதில்லை. அந்தத் தீயும் அங்கேயே நிற்காது. வெயில் காலத்து மானாக்காட்டில் ஒரு தீக்குச்சி போதும், மலை முழுக்கக் கரியாகிவிடும்.

இந்த நிகழ்ச்சிகள் கற்றுத்தருவதில் எனக்கு மிகவும் வலிப்பது சுருக்குக் கம்பி. முயலுக்கென்று வைத்துக் காட்டுகிறார்கள். கம்பிக்கு முயல் எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் மஸ்கெலியா, நல்லதண்ணி பகுதியில் மரக்கறித் தோட்டமொன்றில் வைத்திருந்த கம்பியில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்து மாட்டிக்கொண்டது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். 29ஆம் திகதி அது இறந்துவிட்டது. இலங்கையில் காட்டு உயிர்களுக்குக் கண்ணி வைப்பது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். பாம்பு, ஓணான், தவளை வகைகளில் பலவற்றுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. கிரில்ஸுக்கே பல்கேரியாவின் தேசியப் பூங்காவில் தவளையைக் கொன்று சமைத்ததற்காக அபராதம் விதிக்கப்பட்டது. விளையாட்டுக்குச் செய்து காணொளியாக ஏற்றினால் ஏற்றியவரே தன் குற்றத்துக்குச் சாட்சி தயாரித்துக் கொடுத்தவராகிறார்.

அனுமதியும் அப்படித்தான். 2020 ஜனவரியில் கிரில்ஸ் ரஜினிகாந்துடன் பந்திப்பூரில் படம் எடுத்தபோது கர்நாடக வனத்துறையின் அனுமதியும் காவலும் இருந்தன. அப்படியிருந்தும், முந்தைய ஆண்டு பெருந்தீ கண்ட காட்டில் இது தேவையா என்று ஆர்வலர்கள் கேட்டார்கள். நம் பக்கத்தில் ஹந்தானை 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம், உலக மரபுரிமையும்கூட. அங்கே நுழைவதற்கும் கூடாரம் அடிப்பதற்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் அனுமதி பெற வேண்டும். அனுமதிச்சீட்டு எடுத்தால் இன்னொரு நன்மை உண்டு: நீங்கள் மலையில் இருக்கிறீர்கள் என்பது ஒரு புத்தகத்தில் பதிவாகிறது, திரும்பாவிட்டால் தேட ஆள் வரும்.

2023 ஜூலையில் கண்டியில் தங்கியிருந்த டென்மார்க் பெண் ஒருவர் தனியே அலகல்ல மலைக்குப் போனார். சில நாள் தேடலுக்குப் பின் சடலமாகவே கிடைத்தார். ஹந்தானையில் மூடுபனியில் வழி தவறிய மாணவர் குழுக்களைப் பொலிஸாரும் இராணுவத்தினரும் இரவோடிரவாக இறக்கிய செய்திகளும் நாம் படித்தவைதான். வழி தவறினால் நடப்பதை நிறுத்துங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்று தொலைக்காட்சி சொல்லும். நம் மலையில் ஓடையைப் பிடித்தால் பல இடங்களில் செங்குத்துப் பாறைதான் வரும். இருக்கும் இடத்திலேயே இருந்து, தொலைபேசியின் மின்சக்தியைச் சேமித்து, மூன்று மூன்றாக விசில் அடியுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: காணாமல் போனவரைப் பற்றி முறையிட 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

அனுமதியின்றிக் காட்டுக்குள் பிடிபட்ட பிள்ளைக்கும் உரிமை உண்டு. ஏன் கைது என்பதைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும், அடிக்கக் கூடாது. அரச அலுவலரிடம் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அடித்தாலோ முறையின்றித் தடுத்து வைத்தாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாத காலமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

இப்போது பணம் வாங்கிக்கொண்டு மலையேற்ற முகாம் நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ‘என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பெற்றோர் பலர் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, கவனயீனத்தால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஒரு வாசகத்தால் கைகழுவ முடியாது. நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். சேவைக் குறைபாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், இலக்கம் 1977. போகும் முன்பே கேளுங்கள்: வழிகாட்டி சுற்றுலா அதிகாரசபையில் பதிந்தவரா, முதலுதவி தெரியுமா, காப்புறுதி உண்டா? பாடசாலைச் சுற்றுலா என்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கலஹாவில் வாழ்கிறவருக்கு மிகவும் வேண்டிய உயிர்காக்கும் அறிவு எந்த நிகழ்ச்சியிலும் வரவில்லை. அது மண்சரிவைப் பற்றியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கண்டி மாவட்ட மலைகள் சரிந்ததை நாம் பார்த்தோம். சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று ஆகியவை தெரிந்தால் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும். சிவப்பு என்றால் உடனே போக வேண்டும். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றரைத் தாண்டும் மழையே சிவப்பு எச்சரிக்கைக்கான அளவு.

இந்த இலக்கங்களைப் பிள்ளையின் தொலைபேசியிலும் வீட்டுக் கதவின் உட்பக்கத்திலும் இன்றே எழுதிவையுங்கள்: பொலிஸ் 119, இலவச அம்பியூலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, வனஜீவராசிகள் திணைக்களம் 1992, சிறுவர் பாதுகாப்பு 1929, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996.