பாடசாலைத் திறப்பு யாரிடம்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். வீட்டிலிருந்த பெற்றோரை இழந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் மாற்றுக் காணியும் வீடும் இல்லாமல் மக்கள் எங்கே போவார்கள்?

டிக்கோயாவில் படிப்பிக்கும் எனக்கு அடைமழை இரவுகளில் அந்தப் பிள்ளைகளின் நினைவுதான் வரும். என் வகுப்பில் பலர் சரிவில் உள்ள லயங்களிலிருந்து வருகிறார்கள். டவுனில் கடை வைத்திருக்கும் நமது சமூகத்துப் பிள்ளைகளும் அதே வாங்கில்தான் இருக்கிறார்கள்.

காணியும் வீடும் அரசின் பொறுப்பு, அதை விடாமல் கேட்க வேண்டும். அதுவரை அயலவர்கள் கூடிச் செய்யக்கூடியதும் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். இதை அளக்க, பக்கங்கள் நேரான ஒரு பாத்திரமும் ஓர் அடிமட்டமும் போதும். கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் வைத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே அளந்துவிடும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போகும் கதவு ஆகியவற்றைக் கண்டால் அளவு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சரி, நடு இரவில் யார் அளப்பது? யார் கதவுகளைத் தட்டுவது? இதைத் தீர்மானிக்க நம்மிடம் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது: பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பெற்றோர் எல்லோரும் அதன் அங்கத்தவர்கள். ஆனால் கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால், கொழுந்து பறிக்கும் தாய் வந்தால் அன்றைய பேர் போய்விடும். கலாசாலையில் பெற்றோர் பங்களிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். கூட்டம் எத்தனை மணிக்கு என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஒருமுறை மாலையில் வைத்துப் பார்த்தோம். வழக்கமாக வராத தாய்மார் வந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "சேர், ராவுல ஓடிவந்தா ஸ்கூல் சாவி யாருகிட்ட இருக்கு?"

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இப்போது ஒரு திறப்பு பாடசாலைக்குப் பக்கத்து லயத்திலும், இன்னொன்று டவுனில் ஒரு கடையிலும் இருக்கின்றன. கழிவறைக்குத் தண்ணீர் எடுப்பது அடுத்த கூட்டத்துக்கு இருக்கிறது. அதுவும் மாலையில்தான்.