திங்கட்கிழமை வந்த இளைப்பு

போன வாரம் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா, "வீட்டுக்காரருக்கு ஒரே இளைப்பு. ஆஸ்துமான்னு சொல்லிட்டாங்க" என்று வருத்தப்பட்டார். அவர் கணவருக்கு நூல் மில்லில் வேலை. "லீவு முடிஞ்சு போற அன்னிக்கு ஜாஸ்தியா இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டேன். "உனக்கெப்படித் தெரியும்?" என்றார். எல்லாம் எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

என் அப்பா கோவைப் பக்கம் ஒரு மில்லில் 1984-ல் சேர்ந்து 28 வருஷம் ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர். பஞ்சுப் பேலைப் பிரித்து மிஷினில் போட்டு, தூசி போகச் சுத்தம் செய்கிற இடம் அது. ஷிப்ட் முடிந்து வந்தால் தலை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி, துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். "தாத்தா வந்துட்டாரு" என்று நானும் தம்பியும் சிரிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் நன்றாகத்தான் இருப்பார். திங்கட்கிழமை வேலைக்குப் போய் வந்தால், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கிறது என்பார். புதன், வியாழன் ஆனால் குறைந்துவிடும். வருஷம் போகப் போக வாரம் முழுவதுமே இளைப்பு. அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் உண்டு, மறைப்பானேன்! அதனால்தான் என்று அம்மா சண்டை போடுவார். தனியார் டாக்டர்களில் ஒருவர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் டி.பி. மாத்திரையே கொடுத்துவிட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

2012-ல் மாடிப்படி ஏறவே முடியாமல் போனபோது, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர்தான் முதலில் அதைக் கேட்டார். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, ஷிப்ட் முடிந்து ஒரு தடவை குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தார். "இது பிசினோசிஸ். பஞ்சுத் தூசியால வர்றது. எக்ஸ்ரேயில தனியாத் தெரியாது. ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகியிருந்தா சரியாகியிருக்கும்" என்றார். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

அப்போதிருந்த 1948-ம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தில், தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. மிஷினில் கை போனால் எப்படியோ, அதே மாதிரி நுரையீரல் கெட்டாலும் நஷ்டஈடு உண்டு என்று அந்த டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆனால் மில்லில் கொடுத்த சர்டிபிகேட்டில் வெறும் 'தொழிலாளி' என்று போட்டிருந்தது. எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டால், பழைய ரிஜிஸ்டர் இல்லை என்று கையை விரித்தார்கள். அம்மாதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தார். அத்தனையும் அப்பாவின் சம்பளச் சீட்டு. ஒவ்வொன்றிலும் 'ப்ளோ ரூம்' என்று அச்சாகியிருந்தது! "எதுக்காச்சும் ஆகும்னு வெச்சேன்" என்றார்.

மெடிக்கல் போர்டில் ஒருவர் பீடியைப் பற்றியே துருவிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, பீடி இருமலுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டதாக எழுதினார்கள். அப்பாவின் சராசரி தினக்கூலி 250 ரூபாய். அதில் 90 சதவீதம் 225 ரூபாய். அதில் 30 சதவீதம் என்றால் நாளுக்கு 67 ரூபாய் 50 காசு. மாதம் சுமார் 2,000 ரூபாய், ஆயுள் முழுக்க. ஒன்றரை வருஷம் நடையாய் நடந்து வாங்கியது. அப்பாவின் மருந்துச் செலவுக்குக் கை ஏந்தாமல் இருக்கிறோம். இளைப்பு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்ட அந்த அக்கா அடுத்த நாளே கணவரை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், கார்டிங்கில் 11 வருஷம் என்று சீட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். சம்பளச் சீட்டையெல்லாம் போன பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டாராம். அண்ணன் கூட வேலை பார்த்தவர்களிடம் எழுதி வாங்க அலைந்துகொண்டிருக்கிறார்.

– ஒரு வாசகி, கோவை மாவட்டம்