கோட்டைத் தாண்டியதும் ஏன் விழுகிறார்கள்?

டி.வி.யில் மாரத்தான் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். மணிக்கணக்கில் ஓடி வந்தவர் எல்லைக்கோட்டைத் தாண்டுவார். கைகளை உயர்த்துவார். நாலு எட்டு வைப்பார். அப்புறம் தொப்பென்று விழுந்துவிடுவார்.

"இவ்வளவு தூரம் விழாதவர் இப்போது ஏன் விழுகிறார்?" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் சபாஷ்! ஒரு பெரிய மருத்துவரை யோசிக்க வைத்த கேள்வி அது.

தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் மாரத்தான் என்று ஒரு பந்தயம் நடக்கிறது. 1921-இல் தொடங்கியது. வழக்கமான மாரத்தான் 42 கிலோமீட்டர் சொச்சம். இதுவோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர்! டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே மேடும் இறக்கமுமாக ஓட வேண்டும். முடியும் இடத்தில் பெரிய மருத்துவக் கூடாரம் இருக்கும். யாராவது விழுந்தால், "உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது" என்று சொல்லி, முன்பெல்லாம் உடனே குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள்.

டிம் நோக்ஸ் என்ற மருத்துவர் கேப்டவுன்காரர். அந்தப் பந்தயத்தில் தாமே ஓடியவர். அவரும் அவருடைய குழுவினரும் இத்தகைய நெடுந்தூர ஓட்டங்களில் யார் யார் எங்கே விழுகிறார்கள் என்று கவனித்தார்கள். பெரும்பாலோர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் விழுந்திருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். தண்ணீர் வற்றியதுதான் காரணம் என்றால், 80-ஆவது கிலோமீட்டரில் மேடு ஏறும்போதே விழுந்திருக்க வேண்டாமா? நின்ற பிறகு விழுவானேன்? அப்படியானால் விஷயம் ஓடியதில் இல்லை. நின்றதில் இருக்கிறது! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். புதுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. விழுந்த இடத்தைக் கவனித்ததே பாதி விடையைக் கொடுத்துவிட்டது.

மீதி விடை உங்கள் காலில் இருக்கிறது. எழுந்து நில்லுங்கள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இருக்கும் கெண்டைக்கால் சதையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் நில்லுங்கள். சதை கல் மாதிரி இறுகுகிறதா? குதிகாலை இறக்குங்கள். மெத்தென்று ஆகிவிட்டதா? இன்னும் நாலைந்து தடவை செய்து பாருங்கள்.

இதயம் ரத்தத்தைக் கால்வரை தள்ளிவிடுகிறது. அது மறுபடி மேலே ஏறி வர வேண்டுமே! அந்த வேலைக்குக் கெண்டைக்கால் சதை கைகொடுக்கிறது. பாக்கெட் ஐஸை அடியிலிருந்து பிதுக்கினால் சாறு மேலே ஏறி வாய்க்கு வருகிறது அல்லவா? அதேபோல, சதை இறுகும்போதெல்லாம் அதனூடே போகும் சிரைகள் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) பிதுங்குகின்றன, ரத்தம் மேலே ஏறுகிறது. ஏறிய ரத்தம் கீழே திரும்பாதபடி சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அவை மேல்நோக்கி மட்டுமே வழிவிடும். இந்தச் சதையை மருத்துவர்கள் 'இரண்டாவது இதயம்' என்றே சொல்கிறார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. வேகமாக ஓடும்போது அது 20, 25 லிட்டர்கூட ஆகும். அதில் பெரும்பங்கு தசைகளுக்குப் போகிறது. அதற்காகக் கால்களில் ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்திருக்கும். சூட்டை வெளியேற்றத் தோலில் உள்ள குழாய்களும் விரிந்திருக்கும்.

இப்போது ஓட்டக்காரர் சட்டென்று நிற்கிறார். பிதுக்கும் வேலை நின்றுபோகிறது. குழாய்களோ விரிந்தபடியே இருக்கின்றன. அவை சுருங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் ரத்தம் காலிலேயே தேங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைந்தால், அது வெளியே தள்ளுவதும் குறையும்தானே? ரத்த அழுத்தம் விழுகிறது. உச்சியில் இருக்கிற மூளைக்குப் போதிய ரத்தம் எட்டவில்லை. கண் இருட்டுகிறது, கால் துவள்கிறது, ஆள் விழுகிறார்.

புரிகிறதா, செல்லங்களே? சரியாகப் பிடிபடவில்லை என்றால் முந்தின பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். அவசரமே இல்லை.

விழுந்தவரைப் படுக்கவைத்து, கால்களை மட்டும் உயரமாகத் தூக்கி வைப்பார்கள். தேங்கிய ரத்தம் இதயத்துக்கு இறங்கி வரும். சில நிமிடங்களில் பல பேர் தெளிந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய பந்தயங்களில் ஓடி முடித்தவர்களைத் தொண்டர்கள் "நிற்காதீர்கள், நடங்கள்" என்று நகர்த்திக்கொண்டே இருப்பதும் இதற்காகத்தான்.

கோட்டை எட்டும் முன்பே தள்ளாடுகிறவர் கதை வேறு. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்தார்கள். சுவிட்சர்லாந்து வீராங்கனை கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ் வெயிலில் வாடி, உடம்பு ஒரு பக்கம் சாய, அரங்கத்தின் கடைசிச் சுற்றை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தட்டுத்தடுமாறிக் கடந்தார். யாராவது தொட்டுத் தூக்கினால் பந்தயம் போய்விடும் என்று உதவியை ஒதுக்கினார். 37-ஆவதாக முடித்து, கோட்டருகே மருத்துவர்கள் கையில் சரிந்தார். அவருக்கு வந்தது வெப்பத்தால் ஏற்பட்ட பாதிப்பு. அதற்கு உடம்பை உடனே குளிர்விக்க வேண்டும். வேறு சிலர் வழியெல்லாம் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து, ரத்தத்தில் உப்பு குறைந்து மயங்குவார்கள். அவர்களுக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து! அதனால்தான் இப்போதெல்லாம் மருத்துவர்கள் எடுத்த எடுப்பில் குளுக்கோஸ் ஏற்றுவதில்லை. உடல் சூட்டையும் ரத்தத்தில் உள்ள உப்பையும் பார்த்துவிட்டே முடிவு செய்கிறார்கள்.

சரி, பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் அசையாமல் நிற்கும்போது யாராவது மயங்கி விழுந்து பார்த்திருக்கிறீர்களா? அவர் ஓடவே இல்லை. ஆனால் அங்கேயும் ரத்தம் காலில் தேங்குவதுதான் பல சமயம் காரணம். வெயில் நேரமாக இருந்தால், தோலிலுள்ள குழாய்கள் விரிந்து இன்னும் சீக்கிரம் தேங்கும். நாளைக்குப் பிரேயரில் நிற்கும்போது கெண்டைக்கால் சதையை அவ்வப்போது இறுக்கி இறுக்கி விடுங்கள். ஷூவுக்குள்ளே கால்விரல்களை மடக்கி நீட்டுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது.