கல்லூரிக் கட்டணம்: பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே செய்ய வேண்டியவை

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே பல வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பாள். கல்லூரியிலிருந்து போன் வரும். "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, நாளைக்கு சீட் இருக்காது" என்பார்கள். கையிலிருப்பதைப் புரட்டிக் கட்டிவிட்டு, அதன்பின் யாரோ சொல்லி, உதவித்தொகை கிடைக்குமா என்று விசாரிக்கக் கிளம்புவார்கள். அப்போது வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்ந்துட்டீங்களே, இனிமே கிடைக்காது."

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு உதவித் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சட்டத்தாலும் அரசாணையாலும் உறுதி செய்யப்பட்ட உரிமைகள். யாருடைய சிபாரிசும் தேவையில்லை. ஆனால் எந்த வழியாகச் சேர்ந்தோம், எந்தச் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே அந்த உரிமை நிலைக்கிறது. அதனால் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பணத்துக்கான வழியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்வதால்தான் குடும்பங்கள் கடனில் விழுகின்றன.

யாருக்கு என்ன உரிமை?

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கு 2021-லும் சட்டம் வந்தது. இந்த ஒதுக்கீட்டின் கீழ் தொழிற்கல்வியில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. சலுகை அந்த ஒதுக்கீட்டில் எடுக்கும் இடத்துக்குத்தான். ஆகவே கவுன்சலிங்கில் இடத்தை உறுதி செய்யும்போது அது பொதுப் பிரிவில் வந்ததா, 7.5 சதவீதத்தில் வந்ததா என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடுத்தது முதல் பட்டதாரி சலுகை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் என யாருமே பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து ஒருவர் ஒற்றைச் சாளர கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், அவருடைய கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இதற்குச் சாதியும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான். அண்ணன் இதை வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. ஆகவே பிள்ளைகள் இருவர் இருக்கும் வீட்டில், மூத்தவர் பட்டம் பெறும் முன்பே, யாருடைய படிப்புக்குச் செலவு அதிகம் என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகிய பிரிவு மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2012 செப்டம்பரில் வெளியான ஆதிதிராவிடர் நலத் துறையின் அரசாணை 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் இப்பிரிவு மாணவர்களின் கட்டணத்தையும் அரசு ஏற்க வழி செய்தது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்கள் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தால், இலவசக் கல்வித் திட்டத்தின் பலனை வருமான வரம்பின்றிப் பெறலாம். தொழிற்கல்விக்கு வரம்பு உண்டு.

மாதச் செலவுக்கு 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் இரண்டு. மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கப்பட்டன. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்து, பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் இதைப் பெறலாம். "அதை வாங்கினால் இது வராது" என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்.

மத்திய அரசுத் திட்டங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பிளஸ் டூவில் தங்கள் தேர்வு வாரியத்தின் முதல் 20 சதவீத இடத்துக்குள் வருபவர்களுக்கு, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவியருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் திட்டத்தில் சேர்பவர்கள் வேறு அரசு உதவித்தொகையோ கட்டண விலக்கோ பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. எதில் தொகை அதிகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

பலர் மறந்துவிடும் ஒன்று, பெற்றோரின் நலவாரிய அட்டை. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் முதலிய அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களும், உழவர் பாதுகாப்புத் திட்டமும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகின்றன. அப்பா கொத்தனாரோ அம்மா விவசாயக் கூலியோ, அட்டை இருந்தால் புதுப்பித்து வையுங்கள். இல்லாவிட்டால் இப்போதே பதிவு செய்யுங்கள்.

பணம் எங்கே நின்றுபோகிறது?

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கு. உதவித்தொகை ஆதார் எண்ணை வைத்துத்தான் அனுப்பப்படுகிறது. மாணவி வங்கிக் கவுன்டரில் போய், "சார், என் அக்கவுன்ட்ல ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்பாள். "ஆகியிருக்கும்மா" என்பார் ஊழியர். அவர் சொல்வது உண்மைதான். கணக்கு திறக்கும்போது ஆதார் நகல் கொடுத்ததால் அது பதிவாகியிருக்கும். ஆனால் அரசுப் பணம் வந்து சேர அது போதாது. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் அந்த ஆதார் எண்ணுக்கு நேராக எந்த வங்கி பதிவாகியிருக்கிறதோ, அந்த வங்கிக்குத்தான் பணம் போகும். கடைசியாக எங்கே பதிவு செய்தோமோ அதுதான் கணக்கு. ஊரில் யாரோ முகாம் போட்டுத் திறந்து கொடுத்த கணக்குக்குப் பணம் போய்க்கொண்டிருக்க, பிள்ளை வேறு பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அரசு உதவித்தொகை வர என்பிசிஐ-யில் ஆதார் சீடிங் ஆகியிருக்கா? எந்த பேங்க்குக்கு?" ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு நீங்களே இதைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாமல் கிடந்தால் அது செயலற்ற கணக்காகிவிடலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் மைனர் கணக்கை மாற்றி, அடையாள ஆவணங்களை (கேஒய்சி) கொடுக்க வேண்டும்.

அடுத்த தடை பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் ஒரு எழுத்து கூடுதல். இந்த ஒரு எழுத்துக்காக விண்ணப்பம் திரும்பி வரும். இதைச் சரி செய்யும் காலம் பிளஸ் ஒன். பிளஸ் டூ பொதுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

எப்போது என்ன செய்வது?

பிளஸ் ஒன் படிக்கும்போது ஆதார், பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கச் செய்யுங்கள். வங்கிக் கணக்கையும் அப்போதே சரி செய்யுங்கள்.

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு ரேஷன் கார்டு, உடன்பிறந்தவர்களின் படிப்புச் சான்று, உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். ரிசல்ட்டுக்குப் பிறகு ஊரே தாலுகா அலுவலகத்தில் நிற்கும். அப்போது போய் அவசரப்பட்டால் யாரோ ஒரு தரகரிடம்தான் போய் நிற்பீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் பள்ளி முடிவதற்குள் கேட்டு வாங்குங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் வாங்க வேண்டியிருக்கும்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உதவித்தொகைக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேளுங்கள். மாநில அரசுத் திட்டங்களுக்கான விவரங்கள் கல்லூரி வழியாக, மாணவர் விவரங்களுக்கான யுமிஸ் தளத்தில் ஏறுகின்றன. தேசிய உதவித்தொகை தளத்தில் ஒருமுறைப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். முதல் ஆண்டில் கிடைத்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பல திட்டங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் பார்ப்பார்கள்.

கல்விக் கடன் தேவைப்பட்டால்

உதவித்தொகைகளை எல்லாம் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் மட்டும் கடனுக்குப் போங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, நான்கு லட்சம் வரை உங்கள் பங்காக முன்பணமும் வேண்டாம், சொத்து ஜாமீனும் வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால் அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி, தேர்ந்தெடுத்த கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு எட்டு லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டி மானியம் தருகிறது. கடன் வாங்கும் நாளிலேயே மேனேஜரிடம் இந்த வட்டிச் சலுகைகளைக் கேட்டு விண்ணப்பத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாய்மொழியாக "இந்த பிராஞ்சில் தருவதில்லை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்தால் பதிவு எண் கிடைக்கும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) இணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம்.

எச்சரிக்கை

"டிரஸ்ட் மூலமா இலவச சீட்" என்று வெளிமாநில நர்சிங், பாராமெடிக்கல் கல்லூரிகளுக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் ரிசல்ட் நேரத்தில் ஊர் ஊராக வருகிறார்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் கட்டணம் கேட்பார்கள். அந்தக் கல்லூரிக்கும் படிப்புக்கும் உரிய கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்தக் கவுன்சிலின் தளத்திலேயே பாருங்கள். அசலை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும், விலகினால் கட்டணத்தை விதிப்படி திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் அறிவித்திருக்கிறது. நன்கொடை கேட்பது 1992-ம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி குற்றம்.

"உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகியிருக்கு, கியூஆர் கோட் ஸ்கேன் பண்ணுங்க, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்ய வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நேரம் கடந்தால் பணத்தை மீட்பது கடினமாகிவிடும்.

போஸ்ட் மெட்ரிக் வாங்குபவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் கணக்கில் விழும் தொகையில் கல்லூரிக்குச் செலுத்த வேண்டிய கட்டணப் பங்கும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டு கல்லூரியில் கட்டி, ரசீது வாங்குங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் தேர்வு நேரத்தில் பாக்கி என்று நிற்கும்.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பயனில்லாவிட்டால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் அல்லது பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலர். அதன்பின் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண் வாங்குங்கள். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணிலும் சொல்லலாம். விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

இத்தனையையும் பதினேழு வயதுப் பிள்ளை தனியாகச் செய்ய முடியாது. அப்பா அம்மாவுக்கு அலுவலக மொழி பழக்கமில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகம் போவதே அவர்களுக்குச் செலவு. ஆகவே பிளஸ் டூ வகுப்பாசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் உங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நேராக நான்கு கட்டம் போடுங்கள்: வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று, என்பிசிஐ சீடிங். எது காலியோ அதை மார்ச்சுக்குள் நிரப்ப வையுங்கள். படித்து வேலையில் இருப்பவர்களே, உங்கள் தெருவில் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய், "பாஸ்புக்கை எடுத்துட்டு வாம்மா, பார்க்கலாம்" என்று கேளுங்கள். ஒரு சனிக்கிழமை காலை போதும். அந்த வீட்டுக்கு நீங்கள் செய்யும் உதவி, பணம் கொடுப்பதை விடப் பெரியது.