லயக் காம்பராவும் பாடவிதானமும்

மலையகப் பிள்ளைகளின் கல்விப் பின்னடைவு குறித்துப் பேசுவோர் பலரும் லயக் காம்பராவை இல்லாமையின் இருப்பிடமாகவே காண்கின்றனர். அங்கு புத்தகமில்லை, மேசையில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பர். இதில் உண்மை உண்டு. ஆயினும், அறிவுக்கான ஆதாரமே அங்கு இல்லையென முடிவுகட்டுதல் தவறாகும். அங்குள்ள அன்றாட வாழ்வில் பல பாடங்கள் எவ்வாறு ஒன்றுகூடுகின்றன என்பதை ஈண்டு நோக்குவோம்.

இச்சிந்தனை புதிதன்று. 1896 இல் சிக்காகோவில் பள்ளி நிறுவிய ஜோன் டூயி, சமையலையும் நெசவையும் பாடங்களின் அடிப்படையாக்கினார். 1937 இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை மையமாகக் கொண்டது. ஆனால் இதைத் தோட்டத்தில் அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவூட்டும் கடமையைத் தோட்ட நிருவாகங்கள்மீது சுமத்தியபோதும், அக்கல்வி மிகக் குறுகியதாகவே இருந்தது; கூலி உழைப்புக்கு அப்பால் எதையும் அது காட்டவில்லை. இங்கு 'தொழில்வழிக் கல்வி' என்பது பிள்ளையை மீண்டும் கொழுந்துக் கூடையிடம் அனுப்பும் வழியாகிவிடலாம். எனவே பிள்ளை கற்கவேண்டியது கொழுந்து பறிப்பதையன்று. பறித்த கொழுந்து எவ்வாறு நிறுக்கப்படுகிறது, கணக்கிடப்படுகிறது, எங்கே செல்கிறது என்பதையேயாம்.

அடுப்படியிலிருந்து தொடங்கலாம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கின்றது. கொழும்பைவிட இங்கு பருப்பு வேகத் தாமதமாவதும், மிலாறு கூடுதலாக எரிவதும் இதனாலேயே. பௌதிகம், புவியியல், வீட்டுச் செலவு ஆகிய மூன்றும் ஒரே பானையில் கொதிக்கின்றன. கூரையிலிருந்து வழியும் மழைநீர் எங்கே போகிறது என்று கேட்டால், மஸ்கெலியாப் பிள்ளை களனி கங்கையையும், நானுஓயாப் பிள்ளை கொத்மலை ஓயா வழியே மகாவலியையும் சென்றடைவர். ஒரே மலைநாட்டின் மழை ஒருபுறம் கொழும்பையும் மறுபுறம் திருகோணமலையையும் நோக்கிச் செல்கின்றது.

அடுத்து, சம்பளத் துண்டு. தாய் பறித்த 18 கிலோ பச்சைக் கொழுந்து, தொழிற்சாலையில் ஏறத்தாழ 4 கிலோ தேயிலையாகும். எஞ்சிய எடை எங்கே போயிற்று என்பது விஞ்ஞானம். நிறுவையில் கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பது கணிதம். அக்கழிவு நியாயமானதா என்பது சமூகக் கல்வி. 1,000 ரூபா உழைப்புக்கு ஊழியர் சேமலாப நிதிக்கெனத் தொழிலாளியிடமிருந்து 80 ரூபாவும், தொழில்தருநரிடமிருந்து 120 ரூபாவும் சேரவேண்டும். சதவீதத்தை இவ்வாறு கற்ற பிள்ளை, வீட்டில் தாயின் துண்டைச் சரிபார்க்கும் முதற் கணக்காளராகிவிடுகின்றது.

பாட்டியின் தகரப்பெட்டி வரலாற்றுச் சுவடிக்கூடம் ஆகும். அதிலுள்ள மங்கிய பத்திரங்கள் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்ட 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும், 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தையும் விளங்கவைக்கும். இவ்வுரையாடலில் வரும் 'லயம்', 'பிரட்டு', 'கவ்வாத்து' முதலிய சொற்களைக் கொச்சையெனத் திருத்தாது, அவை எங்கிருந்து வந்தன எனத் தேடச்செய்தல் சிறந்த மொழிப்பாடமாகும்.

இதனை நடைமுறைப்படுத்தும்போது தாயின் நிலையை மறத்தலாகாது. விடியுமுன் எழுந்து, பகலெல்லாம் மலையேறி, இரவில் அடுப்பூதுபவளிடம் இன்னொரு சுமையை ஏற்றுதல் அநீதி. வீட்டிலிருந்து பிள்ளை கொணர வேண்டியது ஒரு கேள்வியையோ, ஒரு எண்ணையோ, ஒரு சொல்லையோ மட்டுமே; அதனைப் பாடமாக விரித்தல் ஆசிரியரின் பணி. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆதலின் கணித, விஞ்ஞான ஆசிரியர்களை அங்கு நியமித்தல் அரசின் கடன். 'வீடே பள்ளி' எனும் சுலோகம் அக்கடனிலிருந்து தப்பும் வழியாகிவிடக் கூடாது. அந்த ஆசிரியர் வகுப்பில் இருக்கும்போதுதான் லயத்திலிருந்து வரும் கேள்வி பயன்தரும்.