பழைய கணிப்பொறிகளில் வன்தட்டுக் கோளாறுகள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், இரண்டு மாத காலம் மின்னிணைப்பு நீக்கப்பட்டிருந்த பழைய கணிப்பொறி இயங்க மறுப்பதுண்டு. விண்டோஸின் சின்னம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. நீலத் திரை எழுகிறது. பின்னர் பொறி தானாகவே மீண்டும் தொடங்கி அதே இடத்தில் நின்றுவிடுகிறது. வன்தட்டு பழுதாகிவிட்டதென்று முடிவு செய்து, அதிலுள்ளவற்றை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடுவோர் பலர். மதிப்பெண் பட்டியல்களும் பதிவேடுகளும் அத்துடன் அழிந்து போகின்றன. ஆனால் இத்தகைய பல சந்தர்ப்பங்களில் வன்தட்டில் யாதொரு பழுதும் இருப்பதில்லை.

கோளாறின் காரணம்

வன்தட்டுக்கும் கணிப்பொறியின் பிற பகுதிகளுக்கும் இடையே நின்று தகவலைக் கடத்துவது கட்டுப்பாட்டுச் சாதனமாகும். அச்சாதனத்தை ஆளும் முறையை இயங்குதளத்துக்குத் தெரிவிப்பது டிரைவர் எனப்படும் இயக்கு நிரல். சாட்டா வகை வன்தட்டுகளைப் பழைய தாய்ப்பலகைகள் பல இருவிதமாக இயக்கவல்லன. ஒன்று, முந்தைய ஐ.டி.இ. சாதனத்தைப் போல நடந்துகொள்ளும் முறை. மற்றொன்று, இன்டெல் நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.எச்.சி.ஐ. முறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கு நிரல் தேவை.

இவற்றுள் எது வேண்டும் என்ற தேர்வு, பயாஸ் அமைப்பில் பதிவாகியிருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது அப்பதிவைக் காப்பது, சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் நாணய பாட்டரி. மின்னிணைப்பு நீண்ட காலம் துண்டிக்கப்பட்டால், முதிர்ந்த பாட்டரி ஓய்ந்துவிடுகிறது. பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்புகிறது. ஏ.எச்.சி.ஐ. முறையில் நிறுவப்பட்ட விண்டோஸ், இப்போது ஐ.டி.இ. சாதனத்தை எதிர்கொள்ள நேரிடலாம். பூட்டு மாற்றப்பட்ட வீட்டின்முன் பழைய சாவியுடன் நிற்பவனின் நிலை அதற்கு ஏற்படுகிறது.

ஆராயும் முறை

முதலாவதாக, நீலத் திரையிலுள்ள குறியீட்டை எழுதிக்கொள்ள வேண்டும். திரை விரைந்து மறைந்தால், தொடக்கத்தில் எஃப் 8 விசையை அழுத்தி, தானாக மீண்டும் தொடங்குவதைத் தடுக்கலாம். குறியீடு 7பி என முடிந்தால், தொடக்கத் தட்டை இயங்குதளத்தால் அணுக முடியவில்லை என்று பொருள்.

இரண்டாவதாக, பயாஸ் திரையில் தேதியை நோக்க வேண்டும். அது பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தால், பாட்டரி ஓய்ந்தமைக்கு அதுவே சான்று. வன்தட்டின் பெயர் அங்கே தெரிகிறதா என்பதையும் காண வேண்டும். தெரியாவிடில், மின்கம்பியையும் தகவல் கம்பியையும் கழற்றிச் சரியாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, பெயர் தெரிந்தால், இருக்கும் முறையைக் குறித்துக்கொண்டு, மற்றதற்கு மாற்றித் தொடங்கிப் பார்க்கலாம். ஏ.எச்.சி.ஐ.-ஐ.டி.இ. மாற்றத்தால் தட்டிலுள்ள தகவல் அழிவதில்லை. பல தட்டுகள் ரெய்டு முறையில் இணைக்கப்பட்ட பொறிகளில் மட்டும், புதிய தொகுப்பை உருவாக்கவோ பழையதை நீக்கவோ கூடாது.

எம்முறையிலும் இயங்காவிடில், யு.எஸ்.பி. நினைவகத்திலிருந்து லினக்ஸைத் தொடங்கி, பதிவேடுகளை முதலில் வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். மறுநிறுவல் அதன் பின்னரே.

புதிதாக நிறுவும்போது

2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஏ.எச்.சி.ஐ. இயக்கு நிரல் இல்லை. ஆகவே நிறுவும்போது, வன்தட்டே காணப்படவில்லை என்று அது அறிவிக்கக்கூடும். எஃப் 6 விசையை அழுத்தி நெகிழ்தட்டிலிருந்து நிரலை ஊட்டலாம். அல்லது பயாஸில் ஐ.டி.இ. முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பின்னதே எளிது. விஸ்டா முதலான பதிப்புகளில் இந்நிரல் உடனிருக்கிறது.

தட்டு மெதுவாக இயங்கும்போது

ஐ.டி.இ. தட்டுள்ள எக்ஸ்.பி. பொறி மிகவும் மந்தமானால் வேறொரு காரணத்தையும் ஆராய வேண்டும். தகவல் பரிமாற்றத்தில் தவறுகள் ஆறு முறை சேர்ந்தால், எக்ஸ்.பி. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் பி.ஐ.ஓ. முறைக்கு இறங்கிவிடும். அதன் உச்ச வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 16 மெகாபைட். 100 மெகாபைட் வரை செல்லக்கூடிய தட்டும் இதற்குள் அடங்கிவிடுகிறது. சாதன மேலாளரில் அந்த ஐ.டி.இ. வழியை நீக்கிப் பொறியை மீண்டும் தொடங்கினால் பழைய வேகம் திரும்பும். மறுபடியும் குறைந்தால், 80 கம்பிகள் கொண்ட புதிய நாடாவைப் பொருத்த வேண்டும். அதன் பின்னும் குறைந்தால் தட்டே நலிகிறது எனக் கொண்டு, உடனே நகலெடுப்பது நன்று.

வருமுன் காத்தல்

நாணய பாட்டரியின் விலை சொற்பம். அதை மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். பொறி நலமாக இயங்கும் நாளிலேயே, பயாஸில் வன்தட்டின் முறை யாதெனக் கண்டு, ஒரு தாளில் எழிதி மூடியின் உட்புறம் ஒட்டிவைப்பது அதனினும் எளிது. அடுத்த விடுமுறைக்குப் பின் பொறியைத் தொடங்க வருபவர் வேறொருவராயினும், அத்தாள் ஓராண்டின் பதிவேடுகளைக் காப்பாற்றக்கூடும்.