கேப்டனுக்கு நிறம் கிடையாது!

கையைக் கழுவித் துடைத்தாயிற்றா? அப்படியானால் உள்ளே வாருங்கள்! திருவண்ணாமலையில் என் அறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். இன்று அதையும் சாத்திவிட்டேன், கணினித் திரையில் வெளிச்சம் விழக் கூடாதே! கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ் அட்டைகளின் ஒரிஜினல் ஓவியங்களைப் பார்க்கப்போகிறோம். விற்பனைக்கு வரும் ஓவியங்களை ஏல நிறுவனங்கள் பெரிய அளவில் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கின்றன. பெரிதாக்கிக்கொண்டே போனால் தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே சறுக்கியது என்பது வரை தெரியும்!

முதல் ஓவியமே தூக்கிவாரிப்போடும். அமெரிக்கக் கொடியையே சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்ட நாயகர் ஆயிற்றே, சிவப்பு எங்கே? நீலம் எங்கே? ஒரு சொட்டு நிறம் இல்லை! வெள்ளை அட்டை, கறுப்பு மை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் தொழில் நடந்ததே அப்படித்தான். ஒருவர் பென்சிலில் வரைவார். பெரும்பாலும் இன்னொருவர் அதன் மேல் மை போடுவார். அச்சகக் கேமராவுக்கு அந்தக் கறுப்புக் கோடு போதும். நிறத்துக்குத் தனி ஆள் உண்டு. ஓவியத்தின் சிறிய நகலில் சாயம் தீட்டி, இந்த இடத்துக்கு இந்த நிறம் என்று குறியீடு எழுதி அனுப்புவார். அதைப் பார்த்து அச்சுத் தகடுகள் தயாராகும். நாம் கடையில் பார்த்துச் சொக்கிப்போன நிறமெல்லாம் அச்சு இயந்திரத்தில்தான் பிறந்தது. ஒரிஜினலில் இருப்பது கேப்டனின் எலும்பும் நரம்பும்!

இன்னும் பெரிதாக்குவோம்

இதோ, முழங்கைக்குக் கீழே மெல்லிய நீலக் கீறல்கள். வெளிர்நீலப் பென்சில் கோடு அச்சகக் கேமராவின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஓவியர் அதில் தாராளமாகக் கிறுக்கலாம், அழிக்கவும் வேண்டாம். கையை முதலில் எங்கே நீட்டலாம் என்று யோசித்தார், பிறகு எங்கே மாற்றினார், எல்லாம் அப்படியே கிடக்கிறது!

கேடயத்துக்கு வாருங்கள். நட்சத்திரத்தைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டம். நான் முதலில் தேடுவது நட்டநடுவில் கவராயம் ஊன்றிய ஊசித்துளையைத்தான். அது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்!

தவறான கோட்டின் மேல் பூசிய வெள்ளைப் பெயிண்ட் காகிதத்தைவிடச் சற்று மேடாக நிற்கும். தலைப்பு எழுத்துகள் தனியாக அச்சிட்டு ஒட்டியவை. ரப்பர் சிமென்ட் பசை காய்ந்து, அந்த இடம் தேநீர் சிந்தியதுபோல் பழுப்பேறியிருக்கும். சிலவற்றில் தலைப்பு உதிர்ந்தே போய்விடும். ஓரத்தில் இதழ் எண், மாதம், இவ்வளவு சுருக்கு என்று அச்சகத்துக்கு எழுதிய அளவு. 1967 வாக்கில்தான் இந்த ஓவியங்கள் இப்போதுள்ள அளவுக்கு, ஏறக்குறைய 10-க்கு 15 அங்குலப் படப்பரப்புக்கு, சிறுத்தன. அதற்கு முன் வரைந்தவை இன்னும் பெரியவை.

தாடையில் விழுந்த குத்து

ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய கேப்டனின் முதல் இதழ் கடைக்கு வந்தது 1940 டிசம்பர் 20. அட்டையில் போட்டிருந்த மாதம் 1941 மார்ச். அந்த அட்டையில் கேப்டன் ஹிட்லரின் தாடையில் ஓங்கி ஒரு குத்து விடுகிறார். பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருடம் பாக்கி! வரைந்த இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று தெரிந்தபின், அந்த முஷ்டியை என்னால் வெறும் முஷ்டியாகப் பார்க்க முடிவதில்லை. கவனித்தீர்களா, அதில் கேடயம் வட்டமே இல்லை, முக்கோணம் மாதிரி இருக்கும். வேறொரு பதிப்பகம் தன் நாயகன் 'தி ஷீல்ட்' உடையைப்போல் இருக்கிறது என்று ஆட்சேபிக்க, இரண்டாவது இதழிலேயே வட்டமாகிவிட்டது!

நன்றாகப் பாதுகாத்த அந்த முதல் இதழின் ஒரு பிரதி 2022-ல் 31 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது லட்சக்கணக்கில் அச்சான புத்தகம். ஒரிஜினல் ஓவியமோ உலகத்தில் ஒன்றே ஒன்று. அதே 2022-ல், ஓவியர் மைக் செக் 1984-ல் வரைந்த ஸ்பைடர்மேன் உள்பக்கம் ஒன்று 33 லட்சம் டாலரைத் தாண்டியது. செக் கேப்டனையும் வருடக்கணக்கில் வரைந்தவர். பொதுவாக உள்பக்கத்தைவிட அட்டைக்குத்தான் மவுசு. ஓர் இதழில் உள்பக்கங்கள் இருபது இருக்கலாம், அட்டை ஒன்றுதான். அதில் நாயகன் முழு உருவமாக நின்று, எதிரே அவருடைய பரம எதிரி ரெட் ஸ்கல்லும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

ஆனால் வரைந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பல பத்தாண்டுகள் ஒரிஜினல்கள் அவர்கள் கைக்கே திரும்பவில்லை. கேப்டன் கதைகளை வெளியிடும் மார்வெல் நிறுவனத்துக்குக் கிர்பி வரைந்தது பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல். நெடிய போராட்டத்துக்குப் பின் 1987-ல் திரும்பி வந்தது இரண்டாயிரம் அளவில்தான். ஒவ்வொரு ஒரிஜினலையும் திறக்கும்போது இது நெஞ்சில் உறுத்தும்.

நம் ஊர் அட்டைகள்

நம் ஊருக்கு வாருங்கள், எல்லாமே தலைகீழ்! சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அந்த அட்டைகளைப் பல ஆண்டுகள் தீட்டியவர் ஓவியர் மாலையப்பன். அங்கே கோட்டோவியத்துக்கு இடமிருக்கவில்லை, முழு வண்ண ஓவியமே அட்டைக்குப் போனது. அமெரிக்க ஒரிஜினலில் எழுத்து இருக்கும், நிறம் இருக்காது. சிவகாசி ஒரிஜினலில் நிறம் பொங்கும், எழுத்து இருக்காது! தலைப்புக்காக ஓவியர் விட்டுவைத்த வெறும் வானம் இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

கேப்டனைப்போல் தேசபக்தி நாயகனும் நம்மிடம் உண்டு. டெல்லி ராஜ் காமிக்ஸின் 'திரங்கா' மூவண்ண உடையில், கையில் கேடயத்தோடு வருவார்.

இன்னொரு விஷயம் சொன்னால் துள்ளுவீர்கள். சிவகாசிக் காலண்டர் ஓவியத்தின் பிதாமகர் கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு நேரே வந்தது எங்கள் திருவண்ணாமலைக்கு! ரமணாசிரமத்தில் தங்கியிருந்தார். பிறகு நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டப் போய், கோவில்பட்டியில் நிலைத்து, சீடர்களோடு வீட்டுக்கு வீடு தெய்வங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீடுகளில் மாட்டியிருந்தது அச்சுப்படம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கையால் தீட்டிய ஒற்றை ஓவியம் ஒன்று எங்கோ இருந்திருக்கும். உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! வெயில் படாத சுவர், அமிலமில்லாத தாள், கரையான் அண்டாத அலமாரி. இவ்வளவு போதும்.

கடைசியாக ஒரு ரகசியம்

கேப்டனைக் கறுப்பில் நிறுத்தியிருக்கிற மையின் பெயர் என்ன தெரியுமா? 'இந்தியன் இங்க்'! புகைக்கரியும் பசையும் சேர்ந்த கலவை. புகைக்கரி எங்கள் ஊருக்குப் புதிதா என்ன? கார்த்திகையில் மலை உச்சியில் தீபம் பதினோரு நாள் எரிந்து முடிந்ததும் கொப்பரையைக் கீழே இறக்குவார்கள். அதில் திரண்ட கரிதான் தீப மை. ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குத் தருவார்கள். ஊரெல்லாம் பார்த்த வெளிச்சம் அணைந்தபின் நெற்றிக்கு வருவது அந்தக் கறுப்புதான். அதை இட்டுக்கொண்டு வளர்ந்தவனுக்கு, நிறமில்லாத கேப்டனைப் பார்த்தால் எதுவும் குறைவதாகவே தோன்றவில்லை!

சரி, கண்ணுக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். ஜன்னலைத் திறக்கிறேன், மலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த அட்டையில் கேடயம் இன்னும் பெரிது, ஊசித்துளை கட்டாயம் இருக்கும்!